ராசாத்திக்கு வரும் அஞ்சல்

நுளம்புத்திரி மணக்கிறது. நீ போனதிலிருந்து அம்மா எங்கள் அறையில் ஒன்றுக்கு இரண்டாகக் கொளுத்தி வைக்கிறார். தலைமாட்டில் ஒன்று, கதவடியில் ஒன்று. உன்னைக் கொண்டுபோனது நுளம்பு கடித்து வந்த டெங்குக் காய்ச்சல்தான் என்று தெரிந்த பிறகு, காதோரம் ஒரு நுளம்பு இரைந்தாலே அவர் எழுந்து உட்கார்ந்துவிடுகிறார். புகையில் எனக்குக் கண் எரிகிறது. அதுவும் ஒரு வசதிதான். காலையில் கண் சிவந்திருந்தால் திரிப்புகை என்று சொல்லிவிடலாம்.

உன்னைப் பற்றி வீட்டில் கதைக்கக் கூடாது. சோதனை எழுதி முடியும் வரைக்கும் அப்படித்தான் என்று அம்மா சொல்லிவிட்டார். நான் சாப்பிடாமல் எழும்பிப் போன ஒரு நாள் கத்தினார்: "அந்தப் பிள்ளையை நினைச்சு நினைச்சு நீயும் படுக்கையில விழப்போறியா?" அது கோபமில்லை, பயம். அவருடைய பயம் எனக்கு விளங்குகிறது. என்னுடையதை அவரிடம் சொல்ல முடியவில்லை. அதனால்தான் அவர் நித்திரையான பிறகு, போர்வைக்குள் போன் வெளிச்சத்தில், கொப்பியில் உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். நாளைக்கு நான் ஒரு வேலை செய்ய வேண்டும். யாரிடமாவது சொன்னால்தான் செய்ய முடியும் போலிருக்கிறது. இந்த விசயம் முழுதாக விளங்கிய ஆள் நீ மட்டும்தான்.

நாளை சனிக்கிழமை. மேலதிக வகுப்பு முடிந்ததும் கணினி ரீச்சர் எங்கள் மெசினை நிறுத்தப்போகிறார்.

எங்கள் மெசின் என்று நாங்கள் இருவரும்தான் சொல்வோம். மற்றவர்களுக்கு அது கணினி அறை மூலையில், துறைமுகத்தைப் பார்த்த யன்னலுக்குக் கீழே கிடக்கும் ஒரு பழைய பெட்டி. உப்புக் காற்றில் அதன் ஆணிகள் எல்லாம் துருப்பிடித்திருக்கும். கழித்துவிடுவதற்காக ஒதுக்கி வைத்திருந்ததைக் கணினிக் கழகத்துக்கென்று நீதான் கேட்டு வாங்கினாய். "உடைச்சாலும் பரவாயில்லை, அது ஏற்கெனவே உடைஞ்சதுதான்" என்றார் ரீச்சர். அதில் லினக்ஸ் போட்டாய். இரண்டாம் நாளே உனக்கு அடுத்த ஆசை வந்துவிட்டது.

"எங்கட பள்ளிக்கூடத்துக்கெண்டு சொந்தமா ஒரு தபால் கந்தோர் நடத்துவம்."

"உனக்கு விசரா? எல்லாரிட்டயும் வட்சப் இருக்குத்தானே."

"வட்சப் ஆரோ ஒருத்தன்ர வீடு. இது எங்கட வீடு."

மின்னஞ்சல் என்றால் பொத்தானை அழுத்தினால் போய்விடும் என்றுதான் அதுவரைக்கும் நினைத்திருந்தேன். அது வாசலுக்கு வாசல் நின்று, பேர் சொல்லி, அனுமதி கேட்டுப் போகும் ஒன்று என்பது அந்த மூலையில்தான் தெரியவந்தது. வழிகாட்டியில் சொன்னபடி, ஒரு மெசின் இன்னொரு மெசினோடு எப்படிக் கதைக்குமோ அப்படி நாங்களே கையால் தட்டச்சுச் செய்து கதைத்துப் பார்த்தோம். முதலில் வணக்கம் சொல்ல வேண்டும். அதற்குரிய சொல் HELO. எனக்கு இங்கிலீசில் எழுத்துப்பிழை பொறுக்காது என்பது உனக்குத் தெரியும்.

"ஒரு எல் குறையுது. தள்ளு, திருத்திறன்."

திருத்தினேன். அப்படி ஒரு கட்டளை எனக்குத் தெரியாது என்றது மெசின். திரும்பவும் அடித்தேன். திரும்பவும் அதையே சொன்னது. நீ கதிரையில் சாய்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய்.

"அதுக்கு இங்கிலீஸ் தெரியாதடி. பழக்கம் மட்டும்தான் தெரியும். நாங்கள் வீட்டுக்கு வாறவையை 'வாங்கோ' எண்டுதானே கேக்கிறம். 'வருக' எண்டு நிண்டா வந்தவை பயந்து ஓடிடுவினம்."

கூட்டிப் போட்ட எல் எழுத்தை எடுத்ததும் அது வணக்கம் சொன்னது. யார் அனுப்புவது என்று எழுதினோம். சரி என்றது. யாருக்கு என்று எழுதினோம். சரி என்றது. பிறகு கடிதத்தையே எழுதினாய்: "இந்தக் கடிதம் கிடைத்தால் நாளைக்கு எனக்கு ஒரு றோல்ஸ் வாங்கித் தரவும்." எழுதிவிட்டு இருவரும் காத்திருந்தோம். ஒன்றும் நடக்கவில்லை. மெசின் செத்துவிட்டது என்று நான் சொன்னேன். யோசிக்கிறது என்று நீ சொன்னாய். யன்னலுக்கு வெளியே, ஊருக்குள் திரியும் மான்களில் ஒன்று யாரோ எறிந்த சாப்பாட்டுத் தாளைச் சப்பிக்கொண்டு நின்றது. அதைப் பார்த்தோம், திரையைப் பார்த்தோம், மணியும் அடித்துவிட்டது. கடைசியில் பார்த்தால், முடிந்தது என்று சொல்வதற்குத் தனி வரியில் ஒரு புள்ளி வைக்க வேண்டுமாம். திரையில் அதைத் தெளிவாகச் சொல்லித்தான் இருந்தது. நாங்கள் அதை ஏதோ அலங்காரம் என்று விட்டுவிட்டோம். நாங்கள் அதற்காகக் காத்திருக்க, அது எங்களுக்காகக் காத்திருந்திருக்கிறது. புள்ளியை வைத்தாய். வாங்கிக்கொண்டேன் என்று அது பதில் சொன்னபோது நீ கையைத் தட்டிய சத்தத்தில் மான் ஓடிவிட்டது.

அடுத்த நாள் கன்ரீனில் றோல்ஸ் வாங்கித் தந்தேன்.

போகப் போக உள்ளே நடப்பது விளங்கியது. வாசலில் நின்று வாங்குவது ஒரு சின்ன நிரல். வரிசையில் வைத்துப் பார்த்துக்கொள்வது இன்னொன்று. உரிய ஆளின் பெட்டியில் கொண்டுபோய்ப் போடுவது வேறொன்று. ஒன்றை ஒன்று நம்பாது. எல்லாம் தான் செய்ததைக் குறிப்பில் எழுதிவைக்கும். அந்தக் குறிப்பைத்தான் நாங்கள் லொக் என்போம். ஏதாவது பிழைத்தால் நான் முதலில் கண்ணைக் கசக்குவேன். நீ என் கையைத் தட்டிவிட்டு, "லொக்கைப் பார், பிறகு அழு" என்பாய். பார்த்த பிறகு பெரும்பாலும் அழ வேண்டி வராது. ஓர் அரைப்புள்ளி விடுபட்டிருக்கும், அல்லது ஒரு பெயர் பிழைத்திருக்கும்.

பாடசாலைக்கு வரும் அஞ்சலை எங்கள் மெசினிடம் கொண்டுவா என்று உலகத்துக்குச் சொல்லும் வரியை ரீச்சர் பதிவுசெய்து தந்தார். வெளியே போவதை எங்கள் இணைப்பு நேராக விடாது. பெரிய நிறுவனங்கள் எங்களைப் போன்ற சின்ன மெசின்களைச் சந்தேகத்தோடுதான் பார்க்குமாம். அதனால் போகும் அஞ்சல் இன்னொரு சேவையின் வழியாகப் போனது. ஒவ்வொரு வகுப்பாசிரியருக்கும் ஒரு விலாசம், கழகத்துப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொன்று. உன்னுடையதை ராசாத்தி என்ற பேரில் போட்டாய்.

ரீச்சர் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "இதென்ன பகிடி? சொந்தப் பேரைப் போடும்."

"என்ர அம்மாவுக்கு என்ர சொந்தப் பேர் ஞாபகமில்லை ரீச்சர். ராசாத்தி எண்டாத்தான் தெரியும்."

ரீச்சருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பேர் அப்படியே இருந்தது.

நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோதே உன் அம்மா வளைகுடா நாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போய்விட்டார். பாலையூற்றில், மாதா கோயிலுக்குப் பின்னால், உன் பெரியம்மா வீட்டில் நீ வளர்ந்தாய். அம்மாவின் கைக்குப் போன் வருவது வெள்ளிக்கிழமைகளில் மட்டும். மற்ற நாட்களில் அவரிடம் இருந்தது அந்த வீட்டுப் பிள்ளைகள் கழித்துவிட்ட ஒரு பழைய டப்லெட் கணினி. அதில் மின்னஞ்சல் மட்டும் வேலை செய்யும். அதனால்தான் உனக்குத் தபால் கந்தோர் தேவைப்பட்டிருக்கிறது. நீ அதைச் சொல்லவே இல்லை. நானாகத்தான் பிறகு விளங்கிக்கொண்டேன்.

எங்கள் பெரிய சண்டையும் அந்த மெசினால்தான் வந்தது.

இல்லாத ஒரு பேருக்கு அஞ்சல் வந்தால் எங்கள் மெசின் என்ன பதில் சொல்ல வேண்டும் என்பதுதான் சண்டை. நாலில் தொடங்கும் எண்ணைச் சொன்னால், "இப்ப ஏலாது, பிறகு வாங்கோ" என்று அர்த்தம். அனுப்பிய பக்கத்து மெசின் அஞ்சலைத் தன் வரிசையில் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப வந்து தட்டும். ஐந்தில் தொடங்கும் எண்ணைச் சொன்னால், "இல்லை" என்று அர்த்தம். அந்த அஞ்சல் உடனே அனுப்பியவரிடம் திரும்பிப் போகும். எல்லாம் சரியாகும் வரைக்கும் நாலை வைத்திருங்கள், பிறகு ஐந்துக்கு மாற்றுங்கள் என்று வழிகாட்டியில் இருந்தது. மாற்றும் நாள் வந்தபோது நீ விடவில்லை.

"ஒருத்தர் இவ்வளவு தூரம் வந்திருக்கிறார். வாசல்ல வைச்சு 'இல்லை' எண்டு கதவைச் சாத்துறதா?"

"இல்லாத ஆளுக்கு நாளைக்கு வா எண்டு சொல்லுறது பொய்யெல்லோ?"

"பொய்யில்ல, மரியாதை. சந்தியில கடைக்காரர் எப்பவாவது சாமான் இல்லை எண்டு சொல்லிக் கேட்டிருக்கிறியா? 'பின்னேரம் வரும் தங்கச்சி' எண்டுதானே சொல்லுவார்."

"ஓம், அந்தப் பின்னேரம் இன்னும் வரேல்ல."

நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாய். நாலுக்குக் கடைக்கார எண் என்று பேர் வைத்தோம். அது அப்படியே இருந்துவிட்டது. அப்போது நான் அதைப் பிடிவாதம் என்று நினைத்தேன். சின்ன வயதிலிருந்து அம்மா வருவார், அடுத்த வருசம் வருவார் என்று கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு அந்தப் பதில் எவ்வளவு தேவைப்பட்டிருக்கும் என்பது இப்போதுதான் விளங்குகிறது.

பிறகு ஒரு பிள்ளையின் அப்பா வந்தார். இறக்கக்கண்டியில் கடற்றொழில் செய்பவர். மகள் எங்களுக்கு ஒரு வகுப்புக் கீழே படித்தாள். நடனப் போட்டிக்கு மட்டக்களப்புக்குப் போகப் பெற்றோரின் சம்மதம் வேண்டும். எங்கள் தபால் கந்தோரை நம்பி அவர் அதை மின்னஞ்சலில் அனுப்பியிருக்கிறார். வகுப்பாசிரியரின் விலாசத்தில் ஓர் எழுத்து விடுபட்டுவிட்டது. பஸ் அந்தப் பிள்ளையை விட்டுவிட்டுப் போனது. அவர் நல்ல சேர்ட்டும் போட்டுக்கொண்டு கணினி அறை வாசலில் நின்றார். உள்ளே வரக் கூசினார்.

"நான் அனுப்பினனான் பிள்ளையள். திரும்பி வரேல்ல. திரும்பி வராட்டி, போய்ச் சேந்திட்டுது எண்டுதானே நினைப்பன்?"

நீ லொக்கைப் பார்த்தாய். அவருடைய அஞ்சல் வரிசையாகக் கிடந்தது. வந்திருக்கிறது, பிறகு வா என்றிருக்கிறோம், போயிருக்கிறது, திரும்பவும் வந்திருக்கிறது. அவருடைய பக்கத்து மெசின் அவருக்கு ஒரு தாமத அறிவிப்பை இங்கிலீசில் அனுப்பியிருக்கும். அவர் அதைப் பார்த்திருக்கவே மாட்டார். எழும்பிப் போய் அந்தப் பிள்ளையைத் தேடிப் பிடித்து, பிழை எங்களுடையது என்று சொல்லிவிட்டு வந்தாய். "பரவாயில்ல அக்கா" என்று அவள் சொன்னது உனக்கு அடி விழுந்ததைவிட மோசமாக இருந்திருக்க வேண்டும். வந்ததும் நாலை ஐந்தாக மாற்றினாய். விசைப்பலகையைப் பார்த்துக்கொண்டே சொன்னாய்:

"இல்லை எண்டா இல்லை எண்டு சொல்லோணும். அவையள் வேற வழியாவது பாப்பினம்."

அதன் பிறகு ஒரு வெள்ளிக்கிழமை கேற்றடியில் தலையிடிக்கிறது என்றாய். "படிப்புக் கூடிப்போச்சு" என்று நான் முகத்தை நெளித்துக் காட்டினேன். "நீயே இண்டைக்கு லொக்கைப் பார், நான் போறன்" என்றாய். மற்ற நாட்களில் எல்லாம் போயிட்டு வாறன் என்பவள். இதை நான் பெரிதாக்கக் கூடாது என்று எனக்கே சொல்லிக்கொள்கிறேன். உனக்குத் தலையிடி, அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில் என்னை உள்ளே விடவில்லை. பெரியம்மா மட்டும் நின்றார்.

உன் அடக்கத்துக்கு உன் அம்மாவால் வர முடியவில்லை. கடவுச்சீட்டு, அனுமதி, ரிக்கற் எல்லாம் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றுவிட்டன. பெரியம்மா போனை உன் பெட்டிக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு நான் வாங்கிப் பிடித்தேன். திரையில் உன் அம்மாவின் முகம் மிகச் சின்னதாக இருந்தது. "கொஞ்சம் கிட்டக் கொண்டு போ பிள்ளை" என்றார். கொண்டு போனேன்.

அவருக்கு எல்லாம் தெரியும். தெரிந்துகொண்டுதான் எழுதுகிறார்.

அடக்கம் முடிந்து மெசினில் முதன்முதல் லொக்கைப் பார்த்தபோது, அதில் ராசாத்தி என்று இருந்தது. உன் அம்மாவின் விலாசத்திலிருந்து அஞ்சல், பெட்டியில் சேர்க்கப்பட்டது. ஏதோ தாமதித்து வந்ததாக்கும் என்று நினைத்தேன். அடுத்த கிழமையும் வந்தது. அதற்கடுத்த கிழமையும். லொக்கில் உள்ளே எழுதியிருப்பது தெரியாது. யாரிடமிருந்து, யாருக்கு, எவ்வளவு நீளம், என்ன ஆனது, அவ்வளவுதான். நீளம் மட்டும் கூடிக்கொண்டே போனது. மெசினின் தலைமைக் கடவுச்சொல் இப்போது என்னிடம் மட்டும் இருக்கிறது. நினைத்தால் உன் பெட்டியைத் திறந்து பார்க்கலாம். நான் திறக்கவில்லை. உன் அலுமாரியைத் திறப்பது போலிருக்கும்.

இந்தக் கிழமை ரீச்சர் கூப்பிட்டார். பாடசாலையின் அஞ்சல் முழுவதும் பெரிய சேவை ஒன்றுக்கு மாறுகிறது. மெசினின் வன்தட்டு வேறு சத்தம் போடத் தொடங்கிவிட்டது. எல்லாருடைய கணக்கும் அங்கே போகும்.

"ஒண்டைத் தவிர பிள்ளை," என்றார். அவருடைய குரலும் சரியாக இல்லை. "இல்லாத பிள்ளையின்ர பேரில அங்க திறக்கேலாது. நீங்கள் ரெண்டு பேரும்தானே வைச்சிருந்தனீங்கள். நீரே அதை எடுத்து விடும். வேற ஆரையும் தொட விட எனக்கும் மனமில்லை."

அவர் எனக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தார். ஓம் என்றேன்.

கணக்கை நீக்கும் கட்டளை ஒரே வரி. நேற்று அதை எழுதினேன். கடைசிப் பொத்தானை அழுத்த விரல் போகவில்லை. அழுத்தினால், உன் அம்மா அடுத்து எழுதுவதற்கு எங்கள் மெசின் ஐந்தில் தொடங்கும் பதிலைச் சொல்லும். ராசாத்தி என்று ஒருவர் இங்கே இல்லை. அவர் பெற்ற பிள்ளைக்கு அவர் வைத்த செல்லப்பேர் அது. அதைச் சொல்வதற்கு ஒரு மெசினா?

வேறு வழிகளையும் யோசித்தேன். உனக்கு வருவதை என் பெட்டிக்குத் திருப்பலாம். அது களவு. ஒரு பதிலும் சொல்லாமல் வாங்கி எறிந்துவிடவும் வழியிருக்கிறது. அனுப்பியவருக்குக் கடைசிவரை தெரியாது. அது உனக்குப் பிடிக்காத வழி. "கிணத்துக்குள்ள போட்டா 'தொப்' எண்டாவது கேக்கும்" என்பாய். கடைசியில் நான் என்ன செய்தேன் தெரியுமா? உன் பேருக்கு மட்டும் கடைக்கார எண்ணைப் போட்டேன். பிறகு வாங்கோ.

உன்னோடு அவ்வளவு சண்டை பிடித்த நான்தான் அதைப் போட்டேன்.

இன்று வெள்ளி. வகுப்பு முடிந்து பார்த்தபோது, உன் அம்மாவின் அஞ்சல் ஒன்று நேற்றுப் பின்னேரமே வாசலுக்கு வந்திருக்கிறது. பிறகு வா என்றிருக்கிறோம். போய்த் திரும்ப வந்திருக்கிறது. திரும்பவும் அதே பதில். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொரு வரி வந்து விழுந்தது. நல்ல சேர்ட்டோடு வாசலில் நின்ற அந்த அப்பாவின் முகம் நினைவுக்கு வந்தது. நான் மெசினை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடிவந்துவிட்டேன். இந்த நேரத்திலும் அது வந்து தட்டிக்கொண்டிருக்கும். நாளை மத்தியானம் எல்லாம் மாறினால், பெரிய சேவை அதற்கு இங்கிலீசில் இல்லை என்று சொல்லித் திருப்பிவிடும். உன் அம்மா அதைத் தனியாக, அந்த வீட்டின் ஏதோ ஒரு மூலையில் இருந்து, எழுத்துக் கூட்டி வாசிப்பார்.

இவ்வளவையும் எழுதிய பிறகுதான் எனக்கு ஒன்று தட்டுப்பட்டது. இல்லை என்று சொல்வதை மெசினிடம் விடத் தேவையில்லை. இன்றைக்கு வெள்ளி. போன் உன் அம்மாவின் கையில் இருக்கும். அங்கே இன்னும் இரவுச் சாப்பாட்டு நேரம்தான். உன்னுடைய போன் உடைந்து கிடந்த நாட்களில் நீ என்னுடையதில்தான் அவரோடு கதைப்பாய். இலக்கம் இருக்கிறது.

பயமாயிருக்கிறது. கொஞ்சம் பொறு.

கதைத்தாயிற்று. திரும்ப வந்து எழுதுகிறேன். எழுத்து வடிவாக இல்லை.

குசினிக்குள் போய், காஸ் சிலிண்டருக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்துகொண்டு எடுத்தேன். இரண்டாவது மணியில் எடுத்துவிட்டார்.

"பிள்ளை? ஏன் இந்த நேரம்? உனக்கு ஒண்டுமில்லையே?"

"ஒண்டுமில்ல அன்ரி." சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். ஒரே மூச்சில் சொன்னேன். "அன்ரி, நீங்கள் நேத்து அனுப்பினது உள்ள போகேல்ல. நான்தான் மறிச்சு வைச்சிருக்கிறன். நாளையோட அந்த விலாசமே இல்லாமப் போயிடும். இனி எழுதினா உங்களிட்டயே திரும்பி வரும். உங்களுக்குச் சொல்லாமச் செய்ய எனக்கு ஏலாமக் கிடந்தது."

அந்தப் பக்கம் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்திருக்கிறார்.

"நீ வாசிச்சனியா?"

"இல்ல அன்ரி. சத்தியமா இல்ல. எவ்வளவு நீளம் எண்டு மட்டும்தான் தெரியும்."

"நீளமோ?"

"வர வரக் கூடிக்கொண்டு வருது."

சிரித்தாரா அழுதாரா என்று எனக்குத் தெரியவில்லை. "என்னத்தை எழுதப்போறன். இஞ்ச சமைக்கிறது, சாப்பிடுறதைத்தான் எழுதிறன். அவள் கேப்பாள். ஒவ்வொரு முறையும் கேப்பாள். 'ஆக்களுக்குச் சமைச்சதைச் சொல்லாதேங்கோ அம்மா, நீங்கள் என்ன சாப்பிட்டனீங்கள், அதைச் சொல்லுங்கோ' எண்டு. சொல்லாட்டி விடமாட்டாள். அந்தப் பழக்கத்தில சொல்லிக்கொண்டு கிடக்கிறன்." ஒரு பாத்திரத்தைக் கவிழ்த்து வைக்கும் சத்தம் கேட்டது. "அவள் இல்லை எண்டது எனக்குத் தெரியாதெண்டு நினைச்சியா பிள்ளை? நீதானே போனைக் கிட்டப் பிடிச்சனி."

பெட்டிக்குள் இருப்பதையெல்லாம் அவருக்கே திருப்பி அனுப்பட்டா என்று கேட்டேன்.

"வேண்டாம். அது அவளின்ர. அவளின்ர சாமானோட சேத்து எடுத்து விடு. நேத்தைய கடிதம் மட்டும் வெளியில நிக்குதெண்டு சொன்னாய் என்ன? அதையும் உள்ள விட்டிடு. பிறகு மூடு."

"ஓம் அன்ரி."

போனை வைத்துவிட மனமில்லை. வாயில் வந்ததைக் கேட்டேன்.

"அன்ரி, இண்டைக்கு என்ன சாப்பிட்டனீங்கள்?"

தண்ணீர்ச் சத்தம் நின்றது. பிழையாய்க் கேட்டுவிட்டேனோ என்று பயந்துபோனேன்.

"இன்னும் இல்ல பிள்ளை," என்றார் பிறகு. "காலமை ஒரு தேத்தண்ணி குடிச்சனான். சோறு கொஞ்சம் கிடக்கு. பருப்பும் கிடக்கு. தனிய இருந்து தின்ன மனம் வருகுதில்ல."

அப்போது குசினி வெளிச்சம் பட்டென்று எரிந்தது. கதவடியில் அம்மா, தலைமுடி அவிழ்ந்தபடி.

"ஆரோட கதைக்கிறாய் இந்தச் சாமத்தில?"

பொய் சொல்ல நேரமில்லை. யாரென்று சொன்னேன். உன் பேரையும் சொன்னேன். இவ்வளவு நாளுக்குப் பிறகு எங்கள் வீட்டில் உன் பேரைச் சத்தமாகச் சொன்னேன். அடி விழும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டேன். அம்மா நிலத்தில் இருந்த என்னைப் பார்த்தார், போனைப் பார்த்தார். "என்னவாம்?" என்றார் மெதுவாக.

"இன்னும் சாப்பிடேல்லயாம்."

அவர் கையை நீட்டினார். கொடுத்தேன்.

"அக்கா, நான் இவளின்ர அம்மா கதைக்கிறன். அழாதேங்கோ… சரி, அழுங்கோ, பரவாயில்ல. ஆனா முதல்ல அந்தச் சோத்தைக் கோப்பையில போடுங்கோ. போட்டுக்கொண்டு வந்து இருங்கோ. நான் வைக்க மாட்டன், இதிலயே நிக்கிறன்."

என்னைப் பார்த்துக் கண்ணால் படுக்கச் சொன்னார். நான் வந்து இதை எழுதுகிறேன், இம்முறை போர்வைக்குள் அல்ல.

காலையில் வேளைக்கே போவேன். காவல்காரர் கணினி அறையைத் திறந்து தருவார். உன் பேருக்கு நேரே போட்ட எண்ணை எடுத்துவிட்டு, நேற்று வந்தது திரும்பவும் வந்து தட்டும் வரைக்கும் லொக்கைப் பார்த்துக்கொண்டிருப்பேன். எப்போது வருமோ தெரியாது. வகுப்புத் தவறினால் தவறட்டும், ரீச்சரிடம் சொல்லிக்கொள்வேன். அது உன் பெட்டிக்குள் போனபிறகு அந்த ஒரு வரியை எழுதுவேன். பெட்டியைத் திறக்க மாட்டேன். உன் அம்மா இத்தனை கிழமையாக உனக்குச் சொன்னது என்னவென்று எனக்கு ஒருநாளும் தெரியப்போவதில்லை. நீ அவரிடம் கேட்டது என்னவென்று மட்டும் இப்போது தெரியும். அடுத்த வெள்ளி நானும் அதைக் கேட்பேன்.

குசினியில் அம்மா போனைச் சத்தமாக வைத்திருக்கிறார். தூரத்தில் உன் அம்மாவின் சோற்றுக் கோப்பையில் கரண்டி படும் சத்தம் கேட்கிறது.

"அவ்வளவுதானா போட்டனீங்கள்?" என்று அம்மா கேட்கிறார். "காணாது அக்கா. இன்னும் ஒரு கரண்டி போடுங்கோ."